முடிவில்லாத தொடர்கதை

கதாநாயகியைச் சாகடிக்கலாமா, வேண்டாமா என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் உண்டு. பெண்ணுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி அபிப்பிராயம் கேட்டவர்களும் உண்டு. நாவல் எழுதுகிறவனுக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் கைபேசியை மாற்றலாமா, வேண்டாமா என்று கேட்டு ஒருவர் வருவார் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

வந்தவர் என் நண்பர். என் புத்தகங்களுக்கு வெகு காலமாகப் புரூப் பார்த்து வருகிறவர். பழைய நாவல் ஒன்றின் புதுப் பதிப்பு அச்சாகிக் கொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பாரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தம் கைபேசியை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"ஸார், இதை மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். புது மாடல் வந்திருக்கிறது. எண்பதாயிரம் ஆகிறது. இருபத்து நாலு மாதத் தவணை கொடுக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"இப்போது இருப்பதற்கு என்ன?" என்று கேட்டேன்.

"பழசாகிவிட்டது, ஸார்."

"அதில் என்ன பழசு?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிழை கண்டுபிடிப்பதே தொழிலாக உள்ளவர். தம்முடைய வாக்கியத்திலேயே ஏதோ பிழை இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டவர்போல யோசித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வாங்கி நாலு வருஷம் ஆகிறது. மாலை நாலு மணிக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. இருபது சதவிகிதம் பாக்கி இருப்பதாகக் காட்டும்போதே சில சமயம் திடீரென்று அணைந்துவிடுகிறது. தவிர, மைத்துனர் வீட்டுக் கல்யாணத்தில் போட்டோ எடுப்பதற்காக அதை வெளியே எடுத்தபோது, "இன்னும் இதையா வைத்திருக்கிறீர்கள், மாமா?" என்று ஒரு பையன் நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டான்.

இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது. அவருடைய மகள் அடுத்த வருஷம் கல்லூரியில் சேரப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். இருபத்து நாலு மாதத் தவணை அந்தச் சம்பளக் குடும்பத்தில் எந்தெந்த இடத்தில் போய் இடிக்கும் என்பதும் தெரியும்.

எனக்கு யந்திர ஞானம் அதிகம் கிடையாது. ஆனால் ஒரு மனிதருக்கு நாலு வருஷம் உழைத்த சாமானின்மேல் திடீரென்று வெறுப்பு உண்டாகிறதென்றால், யாரோ அவருக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கதையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஆகவே அந்தக் கதையை ஒரு கதையாகவே எடுத்துக்கொண்டு விமரிசனம் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

அதன் முதல் அத்தியாயத்துக்குத் தேதியே இருக்கிறது: 2007-ஆம் வருஷம் ஜனவரி 9-ஆம் தேதி. இடம், அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ. ஆப்பிள் கம்பெனியின் தலைவரான ஸ்டீவ் ஜாப்ஸ் அன்று மேடையில் ஏறி, தாம் மூன்று புதுச் சாமான்களைக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். விரலால் தொட்டு இயக்கும், அகலமான திரையுள்ள பாட்டுப் பெட்டி ஒன்று, கைபேசி ஒன்று, இண்டர்நெட்டில் உலாவும் கருவி ஒன்று. இந்த மூன்றையும் வரிசையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனார். சபையில் சிரிப்புக் கிளம்பியது, கைதட்டல் எழுந்தது. மூன்றும் ஒரே சாமான்தான் என்பது அவர் வாயிலிருந்து வருவதற்கு முன்பே கேட்டவர்களுக்குப் புரிந்துவிட்டது. இரகசியத்தை வாசகனே கண்டுபிடித்ததாக அவனை நினைக்கச் செய்வது கதைக்காரனின் உயர்ந்த வித்தைகளில் ஒன்று. அதை அவர் வெகு சுலபமாகச் செய்தார்.

வில்லன்களுக்கும் குறைவில்லை. அன்றைய கைபேசிகள் சிலவற்றைத் திரையில் காட்டி, அவற்றின் கீழ்ப்பாதியை அடைத்துக்கொண்டிருந்த பொத்தான்களைச் சுட்டினார். வேண்டியிருந்தாலும் வேண்டாவிட்டாலும் அந்தப் பொத்தான்கள் அங்கேயே இருந்தன. ஹாஸ்யத்துக்கும் இடம் வைத்திருந்தார்: சபை பார்த்திருக்கவே ஒரு காப்பிக் கடைக்குப் போன் செய்து, நாலாயிரம் கோப்பைக் காப்பி வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துவிட்டு, தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்தக் கதையை நான் கேலி செய்யப் போவதில்லை. அது நல்ல கதை. ஏனென்றால் அதில் சொல்லப்பட்ட கஷ்டம் உண்மையானது, காட்டப்பட்ட பரிகாரமும் உண்மையானது. அடுத்த இரண்டு அத்தியாயங்களுக்கும் நியாயம் இருந்தது. முதல் கருவியில் வீடியோ எடுக்க முடியாது. எழுத்தை ஓரிடத்தில் வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டவும் முடியாது. இண்டர்நெட்டும் ஆமை வேகம். 2008-ல் வேகம் வந்தது. வெளியார் எழுதிய செயலிகளை வாங்குவதற்கான கடையும் அந்த வருஷந்தான் திறந்தது. 2009-ல் வீடியோவும் வெட்டி ஒட்டும் வசதியும் வந்தன. அந்த நாளில் ஒருவர் பழையதை விட்டுப் புதியதற்குப் போனாரென்றால், இல்லாத ஒன்றைப் பெறுவதற்காகப் போனார்.

ஆனாலும் வாசகருக்கு முதல் எச்சரிக்கை முதல் வருஷத்திலேயே கிடைத்துவிட்டது. 2007 ஜூன் 29-ஆம் தேதி விற்பனைக்கு வந்தபோது பெரிய மாடலின் விலை 599 டாலர். செப்டம்பர் முதல் வாரத்தில் அதே சாமானை 399 டாலர் ஆக்கிவிட்டார்கள். இராப்பகலாகக் கடை வாசலில் காத்திருந்து வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஜாப்ஸ் மறுநாளே பகிரங்கமாகக் கடிதம் எழுதி, அவர்களுக்கு நூறு டாலருக்குத் தம் கடையிலேயே சாமான் வாங்கிக்கொள்ள வழி செய்தார். முதல் நாள் வாங்குகிறவன் பொருளுக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை, அவசரத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறான் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

நல்ல கதைக்கு முடிவு உண்டு. 1950-ல் 'கல்கி' இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' எத்தனை பெரிய தொடர்கதை! வாரா வாரம் ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். அதுவும் 1954-ல் முடிந்தது. கைபேசிக் கதையோ வருஷந்தோறும் ஒரு குறிப்பிட்ட பருவத்தில் அடுத்த அத்தியாயத்தை வெளியிட்டாக வேண்டும். சொல்ல விஷயம் இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில்லை.

இந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். நானும் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதியவன். கதை முடிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்த பிறகும், ஆசிரியர் கேட்டுக்கொண்டதற்காகப் பன்னிரண்டு வாரம் இழுத்திருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு வாரங்களில் என்ன செய்தீர் என்று கேட்டால் வெட்கத்துடன் சொல்கிறேன்: கதாநாயகனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். 2023-ல் ஐபோனின் விலை உயர்ந்த மாடலுக்கு டைட்டானியம் என்ற உலோகத்தில் சட்டம் போட்டு அதன் பெருமையை விஸ்தாரமாகச் சொன்னார்கள். 2025-ல் அதே வரிசைக்கு அலுமினியத்தில் உடம்பு செய்து அதன் பெருமையையும் அதே உற்சாகத்துடன் சொன்னார்கள். அலுமினியம் சூட்டை நன்றாகக் கடத்தும் என்பது வாஸ்தவம். காரணமில்லாமல் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு உலோகங்களையும் கேட்டுத் தலையாட்டியவர் தம் பழைய கருவியால் எந்த உலோகம் இல்லாமல் கஷ்டப்பட்டார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இந்த உத்தி கைபேசிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 1908 முதல் 1927 வரை ஹென்றி போர்டு 'மாடல் டி' என்ற ஒரே மோட்டாரைச் செய்து விற்றார். நீடித்து உழைப்பதும் மலிவாகக் கிடைப்பதும் போதும் என்பது அவர் கட்சி. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவரான ஆல்பிரட் ஸ்லோன், 1920-களில் வருஷத்துக்கு ஒரு தரம் தோற்றத்தை மாற்றும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரன் புது மாடலில் வந்து இறங்கினால், நம் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பழசாகிவிடுகிறது. நம் வண்டிக்கு ஒன்றுமே நேரவில்லை. நேர்ந்ததெல்லாம் பக்கத்து வீட்டில்தான்.

இங்கேதான் என் நண்பர் சொன்ன 'பழசு' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று அர்த்தங்கள் ஒளிந்திருக்கின்றன. தேய்ந்துபோனதும் பழசு, செய்தவன் கைவிட்டதும் பழசு, பக்கத்தில் புதுசு வந்ததனால் மங்கிப்போனதும் பழசு. விற்கிறவனுக்கு இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதுதான் லாபம். வாங்குகிறவனுக்கு மூன்றையும் தனித்தனியே பார்ப்பதில் லாபம்.

முதலில் தேய்மானம். கைபேசியில் நிச்சயமாகத் தேய்கிற உறுப்பு ஒன்று உண்டு. அது பாட்டரி. லிதியம் அயான் பாட்டரியை ஒரு முறை முழுவதும் நிரப்பித் தீர்ப்பதை ஒரு சுற்று என்று கணக்கிடுகிறார்கள். ஆப்பிள் கம்பெனி தன் பாட்டரிகள் 500 சுற்றுகளுக்குப் பிறகு ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவிகிதம் நிற்கும்படி அமைந்தவை என்றுதான் வெகு காலம் சொல்லி வந்தது. 2023-ல் வந்த மாடல்களிலிருந்து அதை 1000 சுற்று என்று உயர்த்தியது. நாள் ஒன்றுக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், 500 சுற்று என்பது ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் கீழே. கொள்ளளவு குறைவதோடு இன்னொரு கேடும் உண்டு. கிழ பாட்டரியால் திடீரென்று அதிக மின்சாரம் கொடுக்க முடியாது. காமிரா போன்ற பெருந்தீனிக்காரனைத் திறந்தால், இருபது சதவிகிதம் இருக்கும்போதே கருவி அணைந்துவிடும். என் நண்பருக்கு நேர்ந்தது இதுதான்.

இதைப் பற்றி 2017-ல் ஒரு பெரிய விவகாரமே நடந்தது. பாட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருப்பதற்காக, ஆப்பிள் கம்பெனி அந்த வருஷ ஆரம்பத்தில் அனுப்பிய மென்பொருளில் அவற்றின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்திருந்தது. உபயோகிக்கிறவர்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. கருவி மந்தமானதைக் கண்ட ஜனங்கள், 'பழசாகிவிட்டது, புது மாடல் வாங்க வேண்டியதுதான்' என்று எண்ணினார்கள். பாட்டரியை மாற்றியதும் பழைய வேகம் திரும்பிவிட்டதைச் சிலர் கவனித்து, அளந்து, வெளியிட்டார்கள். டிசம்பரில் கம்பெனி உண்மையை ஒப்புக்கொண்டது. சில நாளில் மன்னிப்பும் கேட்டது. 79 டாலராக இருந்த பாட்டரி மாற்றும் கட்டணத்தை 2018 முழுவதற்கும் 29 டாலராகக் குறைத்தது. 2020-ல் பிரான்ஸ் அரசாங்கத்தின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை, விஷயத்தைச் சொல்லாமல் மறைத்ததற்காக இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே வருஷம் அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுக்கச் சம்மதித்து ஒரு வழக்கை ராஜி செய்துகொண்டார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு ருசித்த கட்டம் 2019 ஜனவரி 2-ஆம் தேதி வந்தது. கம்பெனியின் தலைவர் டிம் குக் பங்குதாரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எதிர்பார்த்த அளவுக்கு வியாபாரம் ஆகவில்லை என்று சொல்லி, அதற்குச் சீன தேசத்து மந்தநிலை முதலான காரணங்களை அடுக்கினார். பல நாடுகளில் ஜனங்கள் புது ஐபோனுக்கு மாறுவது குறைந்ததற்கு அவர் கண்ட காரணங்களில் ஒன்று, அவர்கள் குறைந்த கட்டணத்தில் பாட்டரியை மாற்றிக்கொண்டது! எந்த விமரிசகனும் இதைவிடச் சிறந்த சாட்சியத்தைக் கொண்டுவர முடியாது. 29 டாலரில் குணமாகக்கூடிய வியாதிக்கு எத்தனையோ பேர் ஆயிரம் டாலர் வைத்தியம் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள் என்பதைக் கதாசிரியரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது, கைவிடப்பட்ட பழசு. இது வேடிக்கையான விஷயமல்ல. கைபேசிக்குள் இருக்கும் மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றைச் செய்தவர்கள் அடைத்துத் திருத்தம் அனுப்புகிறார்கள். புரூப் பார்க்கிறவரின் வேலைதான். திருத்தம் வருவது நின்றுவிட்டால், பிழை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று திருடனுக்குத் தெரிந்த புத்தகமாக அது ஆகிவிடுகிறது. பாங்குப் பணத்தைக் கைபேசியில் நடமாட விடும் இந்த நாளில் அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டிருப்பது சிக்கனமாகாது. அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் இந்தக் காலக்கெடுவும் விதியின் எழுத்தல்ல, செய்கிறவன் தீர்மானிப்பது. 2023 அக்டோபரில் கூகுள் தன் 'பிக்ஸல் 8' மாடலுக்கும், 2024 ஜனவரியில் ஸாம்ஸங் தன் 'காலக்ஸி எஸ் 24' மாடலுக்கும் ஏழு வருஷம் திருத்தம் அனுப்புவதாக வாக்களித்தன. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய யூனியனில் புதிதாகச் சந்தைக்கு வரும் கைபேசிகளுக்குச் சட்டமே இருக்கிறது: பாட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவிகிதம் கொள்ள வேண்டும், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் மென்பொருளைப் புதுப்பித்துத் தர வேண்டும். முடியும் என்பது இதனால் தெரிகிறது. அப்படியானால் முன்பு இரண்டு மூன்று வருஷத்தில் கைவிட்டவர்கள், முடியாமல் கைவிடவில்லை.

மூன்றாவது, பக்கத்தில் புதுசு வந்ததனால் உண்டான பழசு. கல்யாண வீட்டுப் பையன் கண்டது இதைத்தான். இந்தப் பழசு கருவியில் இல்லை; பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது. எண்பதாயிரம் ரூபாய் கொடுத்தாலும் இந்த வியாதி தீராது. அடுத்த செப்டம்பரில் அந்தப் புதுசும் பழசாகிவிடும். பையனும் வேறொரு கல்யாணத்துக்கு வந்துவிடுவான்.

கதையில் சொல்லாமல் விட்ட பாத்திரங்களையும் ஒரு விமரிசகன் கவனிக்க வேண்டும். புது மாடல் மேடையில் மின்னும்போது, அதைச் செய்தவர்கள் மேடைக்கு வருவதில்லை. அவர்களில் பலர் நமக்குத் தூரத்து மனிதர்கள் அல்ல. சென்னைக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன்கள் தயாராகின்றன. வெளியூர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் அவற்றைக் கோக்கிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பலர் நோயில் விழுந்ததும், அந்தப் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்ததும் பத்திரிகைகளில் வந்தன. பழைய கருவிகள் போய்ச் சேரும் இடமும் கதையில் வருவதில்லை. உலகம் முழுவதிலும் 2022-ல் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்றும், அதில் கால் பங்குக்கும் குறைவானதுதான் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை சொல்கிறது. ஒரு கைபேசியை ஒன்றிரண்டு வருஷம் கூடுதலாக வைத்திருப்பது கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு இடங்களையும் அவருக்கு ஞாபகப்படுத்தலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. பாட்டரி தளர்ந்திருந்தால் பாட்டரியை மாற்றுங்கள். திருத்தம் வருவது நின்றுவிட்டால் கருவியை மாற்றுங்கள். தொழிலுக்கு அவசியமான ஒரு வேலையைப் பழையது செய்யவில்லை, புதியது செய்கிறது என்றால், கணக்குப் பார்த்து மாற்றுங்கள். போட்டோ எடுத்துப் பிழைக்கிறவரை நான் தடுக்க மாட்டேன். இவை எதுவும் இல்லாமல் 'பழசாகிவிட்டது' என்று மட்டும் தோன்றினால், யார் சொன்ன கதை என்று யோசித்துப் பாருங்கள்.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "வாருங்கள், பாட்டரியைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னேன். அவர் கைபேசிக்கு இன்னும் இரண்டு வருஷம் திருத்தம் வரும் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டோம். மறுநாள் மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சித் தெருவுக்குப் போனோம். முதல் கடைக்காரர் கருவியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "இதுக்கெல்லாம் செலவு பண்ணாதீங்க, ஸார். புதுசு வாங்கிடுங்க" என்றார். இரண்டாவது கடையில் ஓர் இளைஞர் திறந்து பார்த்து, அசல் பாட்டரி போட ஒரு விலை, போலிக்கு ஒரு விலை என்று இரண்டையும் நேர்மையாகச் சொன்னார். ஒரு தடவை திறந்துவிட்டால் தண்ணீர் புகாமல் காக்கும் பசை முன்போல் இருக்காது என்றும் எச்சரித்தார். அசலையே போடச் சொன்னோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. எண்பதாயிரத்தில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

சென்ற வாரம் நண்பர் மறுபடியும் வந்தார். இரவு பத்து மணிக்கும் முப்பது சதவிகிதம் மிச்சம் இருக்கிறது என்றார். கல்யாணத்துப் பையனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு யோசனை கேட்க வேண்டியவனாக இருந்தவன் நான். பழைய நாவல் புதுப் பதிப்பாக வருகிற சந்தர்ப்பத்தில் அதற்கு இரண்டாம் பாகம் ஒன்று எழுதிக் கொடுத்தால் நன்றாக விலை போகும் என்று பதிப்பாளர் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் சபலந்தான். முன்பணமும் உண்டு. நாவல் முழுவதையும் எழுத்து எழுத்தாகப் படித்தவர் இவர் ஒருவர்தானே என்று எண்ணி, "இரண்டாம் பாகம் எழுதலாமா? என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வெகு மரியாதையாகக் கேட்டார்:

"இப்போது இருப்பதற்கு என்ன, ஸார்?"